இடது பக்க இருக்கை

நம் ஷெட்டில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் தீதி என்னை அவ்வப்போது கூப்பிட்டு உங்களோடு உட்கார வைப்பதால், அந்தக் கேள்வி இப்போது என் தலையில் விடிகிறது. போன தடவை கேட்டவள் பெஹாலா பக்கமிருந்து வரும் தமிழ்ப் பெண். தமிழ் பாதி, வங்காளம் பாதி பேசுகிறவள்.

"அங்கிள், கார் பண்றது நாங்க. அது சரியா இருக்கான்னு சொல்ல எங்கம்மா எதுக்கு ஷெட்டுக்கு வரணும்? மா-க்கு கார்ல முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னே தெரியாது!"

நல்ல கேள்விதான். அன்றைக்கு டீ ஆறிவிடும் என்று சொல்லித் தட்டிக் கழித்துவிட்டேன். இப்போது ஆற அமர எழுதுகிறேன். தமிழில்தான் எழுத வருகிறது எனக்கு. மற்றவர்களுக்கு வங்காளத்தில் எடுத்துச் சொல்வது அந்தப் பெண்ணின் பாடு. கேட்டவள் அவள்தானே.

நம் கம்பெனியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமே செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை. பெரிய கம்பெனிகள் ஒரு காலைப் பொழுதில் செய்து தள்ளுவதை இவர்கள் வருடம் பூராவும் உட்கார்ந்து செய்வார்கள். அப்படிப்பட்டவர்கள் முதல் முறையாகத் தங்கள் ஊருக்கு வெளியே கார் செய்யக் கிளம்பியபோது, புனே இருக்க, சென்னை இருக்க, கல்கத்தாவுக்கு வந்து நின்றார்கள். என் மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஸ்போர்ட்ஸ் காரா? இந்த ஊர்லயா? எதுக்கு அத்தான், டிராமை ஓவர்டேக் பண்ணவா?"

அவர்களை இங்கே நிற்க வைத்தது நம் ஷெட்டை நடத்தும் தீதி. நீங்கள் எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் அவரைத் தீதி என்றுதான் கூப்பிடுவேன். வயதில் எனக்குப் பத்து வருடம் இளையவர். அக்கா என்று கூப்பிட வயது தேவையில்லை என்பதை அவரைப் பார்த்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். கம்பெனியின் முதலாளி ஊர் பார்க்க வந்தது துர்கா பூஜைக்கு முந்தைய மாதம். தெருவெல்லாம் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. மூங்கிலும் துணியும் கண்ணாடி நாருமாக மாளிகை கட்டிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து, "பூஜை முடிந்ததும் இவர்கள் என்ன செய்வார்கள்?" என்று முதலாளி கேட்டாராம். "நீங்கள் வேலை கொடுத்தால் என்னிடம் வருவார்கள்" என்றாராம் தீதி. நம் பாடி பிரிவில் இன்றைக்கும் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

முதலாளி ஷெட்டைக் கொடுத்தார், ஆளைக் கொடுத்தார். ஆனால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு கார் முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை. இங்கே செய்யும் முதல் காரை நாமே முடித்துக் காட்ட வேண்டும். அது தேறினால், இனிமேல் இங்கே செய்வது இங்கிருந்தே வாங்குகிறவர் வீட்டுக்குப் போகும். தேறாவிட்டால் நாம் வெறும் கூடு மட்டும் செய்து கப்பலில் ஏற்றிவிட வேண்டும். மீதி வேலை அங்கே நடக்கும். அதாவது, ஷெட்டில் இருந்த அறுபது பேரில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அது எந்தப் பாதி என்று முதலாளி சொல்லவில்லை. அவர்களின் பிள்ளைகளின் பெயர்கூட எனக்குத் தெரியும்.

தேறுவது என்றால் என்ன என்பதில்தான் அந்தக் கம்பெனியின் வழக்கம் வருகிறது. அங்கே அந்தக் காலத்திலிருந்தே ஒரு காரியம் செய்கிறார்கள். எந்தக் காரும் வாங்குகிறவர் கைக்குப் போவதற்கு முன், அதைச் செய்தவர்களில் ஒருவருடைய வீட்டுக்குப் போகும். அவர் தனக்கு ரொம்ப வேண்டிய ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுவார். மனைவி, அம்மா, மகள், யாராக இருந்தாலும் சரி. மறுநாள் காலையில் ஓட்டியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும். "மறுபடியும் அவரை இதில் கூட்டிக்கொண்டு போவாயா?" போவேன், மாட்டேன், இரண்டில் ஒன்றுதான் பதில். மாட்டேன் என்றால் முதலாளியே ஆனாலும் அதை மாற்ற முடியாது. கேள்வி கேட்கும்வரை அவரிடம் யாரும் என்ன சொல்லப் போகிறாய் என்று வாய் திறக்கக் கூடாது. எத்தனையோ பரிசோதனைக் கருவிகள் இருக்கும்போது இது என்ன விளையாட்டு என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருடம் மோட்டார் தொழிலில் இருந்தவன் நான். எத்தனையோ வண்டிகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் என் வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தது எத்தனை? ஒன்றுகூட இல்லை.

முதல் காருக்கு ஆபீஸ்காரர்களும் ஆளுக்கு ஒரு பாகத்தைக் கையால் பொருத்த வேண்டும் என்று தீதி சொல்லிவிட்டார். எனக்கு வந்தது இடது பக்கக் கதவு. ஷெட்டில் கார் ஓட்ட லைசென்ஸ் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் முதல் காரை வீட்டுக்குக் கொண்டுபோகும் முறையும் எனக்கே வந்தது. பக்கத்தில் உட்கார வேண்டியவள் என் மனைவி கோமதி.

கோமதி பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில். ஆனால் அவள் அம்மாவின் திருநெல்வேலித் தமிழ் இன்னும் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு மறுநாள் காலை, காரை வாங்குகிறவர் கையில் கொடுக்கும் விழா. பந்தல் போட்டாயிற்று. முன்பதிவு செய்தவர்கள், பத்திரிகைக்காரர்கள், அதிகாரிகள் எல்லோருக்கும் அழைப்பு போயிருந்தது. முதலாளி விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். நான் மத்தியானமே பாலிகஞ்சில் எங்கள் ஃபிளாட் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். கோமதி நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். காரைப் பார்த்தாள். இருக்கையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"ஏங்க, பல்லக்குல உக்காரச் சொல்லுவியன்னு பாத்தா, பாய்ல உக்காரச் சொல்லுதியே?"

புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு வழியாக உள்ளே இறங்கினாள். நம் கார்களில் ஏறுவது கிடையாது, இறங்குவதுதான். கிளம்பியதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த எஞ்சினின் சத்தம் உங்களுக்குத் தெரியும். முதல் தடவை கேட்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே ஓட்டலாம். கரியாஹாட் சிக்னலில் நின்றபோது நடைபாதைக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கண்ணாடி அருகே குனிந்து ரொம்ப மரியாதையாக, "தாதா, மைலேஜ் கொதோ?" என்று கேட்டார். அண்ணா, எவ்வளவு கொடுக்கும் என்கிறார். டிராஃபிக் சார்ஜென்ட் எங்களைப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, அதே கையால் போனை எடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார். கோமதி ராணி மாதிரி தலையை அசைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாளைக் காலை சொல்லப்போகும் பதிலை அப்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழையைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் என்ன சொல்ல? எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வரும்போதே தண்ணீர் நின்றுவிட்டது. மற்ற கார்களெல்லாம் உழப்பிக்கொண்டு போயின. நம் காரின் வயிறு தரைக்கு அரைச் சாண் உயரம்தான். ஒரு முக்கு திரும்பினேன், அவ்வளவுதான். எஞ்சின் நின்றது. கூடவே விளக்கு, திரை, கண்ணாடி ஏற்றி இறக்கும் பொத்தான் எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் போனால் மின்சாரம் தானே துண்டித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அது சரியாகவே வேலை செய்தது.

"என்னங்க, கதவு தொறக்க மாட்டேங்கு."

நம் காரின் கதவுகள் மின்சாரப் பொத்தானில் திறப்பவை. வெளியே இருந்து திறப்பதற்கும் அதே மின்சாரம்தான். அது போய்விட்டால் இழுப்பதற்கு ஒரு கம்பி வளையம் உண்டு. அதை ஒரு தடவை இழுத்தால் இரண்டு கதவுகளும் விடுபடும். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுதான் சிக்கல்.

அவர்கள் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம். வளையத்தையும் அவர் முழங்கால் பக்கத்தில், டாஷ்போர்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். கார் இருந்தால் ஓட்டுநர் இருப்பார், அவர் இழுப்பார். நம் நாட்டுக்காக ஸ்டீயரிங்கை வலது பக்கம் மாற்றினார்கள். பெடல்கள் வந்தன, மீட்டர்கள் வந்தன. வளையம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. போதாக்குறைக்கு இந்த ஊர் வெயிலுக்காகப் பெரிதாக்கிய ஏசி பெட்டி அதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கே வரைந்தவர்கள் கவனிக்கவில்லை. இங்கே பொருத்திய நாங்களும் கவனிக்கவில்லை. எல்லாப் பரிசோதனையிலும் வளையம் இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது.

பெல்ட்டை அவிழ்த்துவிட்டு அவள் மடிமேல் சாய்ந்து கையை நீட்டினேன். எட்டவில்லை. அவள் குனியப் பார்த்தாள். பாயில் உட்கார்ந்தவள் எப்படிக் குனிவாள்? முழங்கால் இடித்தது. காலடியில் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. வெளியே தெரு ஆட்கள் நாலைந்து பேர் முழங்கால் தண்ணீரில் நின்று கண்ணாடியைத் தட்டி, "தொர்ஜா குலுன், தொர்ஜா!" என்று கத்தினார்கள். கதவைத் திறக்கத்தானே இவ்வளவு பாடு. ஒருவர் செங்கல்லோடு வந்துவிட்டார். உள்ளே காற்று கனத்துப்போயிருந்தது. கோமதி மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அவளுக்கு மூடிய இடம் என்றால் ஆகாது. லிஃப்ட்டில்கூட ஏற மாட்டாள். நான் பயந்துவிட்டேன். கதவைப் பொருத்தியவன் நான், பக்கத்தில் இருப்பவள் இவள் என்பதைத் தவிர என் மூளையில் வேறு எதுவும் ஓடவில்லை.

"காலை உள்ள நீட்டிப் பாரு கோமதி. பெட்டிக்குப் பின்னால."

செருப்பைக் கழற்றினாள். தண்ணீருக்குள் காலை விட்டுத் துழாவினாள். "என்னமோ இருக்கு. விரல்ல மாட்டுது, வழுக்கிட்டுப் போவுது." திரும்பவும் துழாவினாள். "மெட்டில மாட்டிக்கிட்டு!"

"இழு!"

இழுத்தாள். இரண்டு கதவுகளும் ஒரு துள்ளு துள்ளித் திறந்தன. தெருத் தண்ணீர் மொத்தமும் உள்ளே வந்தது. செங்கல்காரர் அவளைக் கைபிடித்து வெளியே எடுத்தார். அவள் தண்ணீரில் நின்றபடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அதை விடவில்லை.

காரைத் தெரு ஆட்கள் தள்ளி ஒரு மேடான வாசலில் ஏற்றிவிட்டார்கள். நான் தீதிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். நாளை விழா, முதலாளி ஊரில், அறுபது பேர் பிழைப்பு. அப்படி ஒரு நேரத்தில் ஒரு மேலதிகாரி முதலில் என்ன கேட்பார்? நான் பார்த்த மேலதிகாரிகள் எல்லோரும் கார் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருப்பார்கள். தீதி, "பௌதி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். பௌதி என்றால் அண்ணி. நன்றாக இருக்கிறாள் என்றேன். "நல்லா இருக்காங்கன்னு அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?" என்றார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன். பிறகு, காலையில் மெக்கானிக் வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள், சூடாக ஏதாவது சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். காரைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை.

காலையில் கோமதி காபியை மேசையில் வைத்தாள்.

"நான் இனிமே அந்தக் கார்ல கால வைக்க மாட்டேன். அது என் பாடு. நீங்க அங்க என்ன சொல்லணுமோ அதைச் சொல்லுங்க. அம்புட்டுப் பேரு வேலை அதுல இருக்குன்னு எனக்கும் தெரியும். எனக்காவ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

மெக்கானிக் தண்ணீரை இறைத்து, பேட்டரியைத் துடைத்துப் பொருத்தினார். பொத்தானை அழுத்தினேன். ஒரே அழுத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு வெள்ளத்தில் ஊறிய கார், ஒரு இருமல் இல்லாமல் பாடியது. கதவு பட்டென்று திறந்தது. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன அருமையான வண்டி! தனியாக ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். இடது பக்க இருக்கையில் அவளுடைய ஒற்றைச் செருப்பு ஈரத்தோடு கிடந்தது.

பந்தலில் விருந்தாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். தீதி நடந்ததை முந்தின நாளே முதலாளிக்கும் விற்பனைத் தலைவருக்கும் சொல்லியிருந்தார். மறைத்து வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. விற்பனைத் தலைவர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அந்த ஷெட்டுக்காக அவரும் ஊர் ஊராக அலைந்தவர்தான்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு நான் கேக்கல, கேக்கவும் கூடாது. பொதுவா ஒண்ணு சொல்றேன். கதவு திறந்துச்சா? திறந்துச்சு. எதுவும் உடைஞ்சுதா? இல்ல. தண்ணில ஓட்டாதீங்கன்னு புத்தகத்துல ஒரு வரி போட்டா முடிஞ்சுது. வளையத்தை அடுத்த கார்ல மாத்திக்கலாம். இன்னைக்கு இந்தப் பந்தல் கலைஞ்சா, திரும்ப எழும்பாது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தம்பிகளே, அம்மாக்களே, உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். அப்போது உங்களைத் தப்பான இடத்துக்குத் தள்ளப் பார்க்கும் பேச்சு பொய்யாக இருக்காது. ரொம்ப நியாயமாக இருக்கும்.

உள் அறையில் நால்வர் இருந்தோம். முதலாளி எழுந்து நின்று, வழக்கப்படி கேள்வியைக் கேட்டார். "மறுபடியும் அவரை இதில் கூட்டிக்கொண்டு போவீர்களா?"

என் கண்ணில் அந்த அறுபது பேர் வந்தார்கள். என் சட்டையைப் பிடித்திருந்த கையும் வந்தது.

"மாட்டேன்" என்றேன்.

 விற்பனைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்குக் கோபம் இல்லை, ஆனால் புரியவும் இல்லை. வளையம் இருந்ததே, வேலை செய்ததே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தீதி டீக்குச் சொன்னார். இது அவர் முறை, உங்களுக்கே தெரியும். எவ்வளவு பெரிய நெருக்கடி ஆனாலும் மண் குவளையில் டீ வரும். அதைக் குடித்து முடிக்கும்வரை யாரும் எந்த முடிவும் சொல்லக் கூடாது. குடித்து முடித்தோம். குவளையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பந்தலுக்குப் போனார்.

விழாவைத் தள்ளிவைக்கிறோம், ஒரு சின்னக் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் ஒலிபெருக்கியைக் கூடத் தொடவில்லை.

"இந்தக் காரை இன்றைக்கு யாருக்கும் கொடுக்க மாட்டோம். எங்களில் ஒருவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஏன் என்று பார்க்க ஆசையா?"

சொல்லிவிட்டு இடது பக்கக் கதவைத் திறந்து வைத்து, காரின் மூடியைத் தூக்கி, பேட்டரிக் கம்பியைக் கழற்றினார். அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "சார், நீங்கள் முதலில் உட்காருங்கள். இடது பக்கம்" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். கதவைச் சாத்தினோம்.

அந்தக் காரை வரைந்தவர் அவர். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பொத்தானை அழுத்திக் காட்டினார், வேலை செய்யாது என்று எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு குனிந்தார். நல்ல உயரம். முழங்கால் டாஷ்போர்டில் முட்டியது. கையை இந்தப் பக்கம் விட்டார், அந்தப் பக்கம் விட்டார். சிரிப்பு போயிற்று.  கடைசியில் கண்ணாடியைத் தட்டினார். தீதி கம்பியைப் பேட்டரியில் வைத்து அழுத்த, வெளியே நாங்கள் பொத்தானைத் தட்ட, கதவு திறந்தது.

முகமெல்லாம் சிவந்து, வேர்த்து வெளியே வந்தார். தலைமுடியைக் கோதிக்கொண்டு நின்றார். "நான் செய்த எந்தக் காரிலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை" என்றார். அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னார். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி அந்த நிமிஷத்தில் வந்தது.

அதற்குப் பிறகு விருந்தாளிகள் வரிசையில் நின்றார்கள். எனக்கு, எனக்கு என்று ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தார்கள். முன்பதிவு செய்திருந்த ஒரு கண் டாக்டரம்மா வெளியே வந்து, "சரி பண்ணுங்க, நான் காத்திருக்கேன். அந்தப் பக்கம் உக்காரப் போறது என் பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் இதென்ன கூத்து என்று கத்திவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவே இல்லை. இரண்டும் நடந்தது.

முதலாளி உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. வழக்கம் வழக்கம்தான் என்றார். மாட்டேன் என்று ஒருவர் சொன்ன காரைச் சரிசெய்தால், அதே கார், அதே ஓட்டுநர், பக்கத்தில் அதே ஆள் மறுபடி போக வேண்டும். அது தேறினால்தான் உரிமை. சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். தீதி என்னைப் பார்த்து மெதுவாக, "பௌதி வருவாங்களா?" என்றார்.  அறுபது பேரின் பிழைப்பு இப்போது லிஃப்ட்டில்கூட ஏறாத ஒருத்தியின் கையில் இருந்தது. அவளை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

தீதி எங்கள் வீட்டுக்கு வந்தார். காரில் ஏறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோமதி செய்த ரவா உப்புமாவை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போதுதான், "பௌதி, ஒரு உதவி. அந்த வளையம் எங்கே இருந்திருந்தா உங்க கைக்குக் கிடைச்சிருக்கும்? ஷெட்டுக்கு வந்து காட்டுவீங்களா?" என்று கேட்டார். இருவரும் வங்காளத்தில் பேசினார்கள். என்னைவிட கோமதியின் வங்காளம் சுத்தம்.

அவள் வந்தாள். காருக்கு இரண்டு பக்கமும் கதவே இல்லை. முந்தின நாளே கழற்றி ஓரமாக வைக்கச் சொல்லியிருந்தார் தீதி. கோமதி கதவு இருந்த இடத்தைப் பார்த்தாள், தீதியைப் பார்த்தாள். பிறகு உள்ளே இறங்கி உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடிக்குங்க. அன்னைக்கு நடந்ததை நினைச்சுக்குங்க. கை எங்க போகுது?"

கோமதி கண்ணை மூடினாள். கை தானாக எழுந்து, கதவின் முன்விளிம்பு வரும் இடத்துக்கு, தோள் உயரத்தில் போய் நின்றது. தீதி அங்கே கதவுச் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு ஷெட்டில் குட்டை, நெட்டை, ஒல்லி, குண்டு என்று ஒருவர் விடாமல் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். எல்லாக் கோடுகளும் அந்த முதல் கோட்டைச் சுற்றித்தான் விழுந்தன. இன்றைக்கு அந்த வளையத்துக்குப் பதிலாக நீங்கள் இரண்டு கதவிலும் பொருத்துகிற சிவப்புப் பட்டை அங்கேதான் இருக்கிறது. அங்கே ஐரோப்பாவிலும் இப்போது அதே இடம்தான்.

இரண்டாவது பயணத்துக்கு அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் காரை வாசலில் நிறுத்தினேன். இறங்கி வந்தாள். இந்த முறை பருத்திப் புடவை.

"பேட்டரியைக் கழட்டுங்க."

"கோமதி, இப்பவா?"

"கழட்டுங்கன்னு சொல்லுதேன்லா."

அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கழற்றினேன். உள்ளே தனியாக உட்கார்ந்து கதவைச் சாத்தச் சொன்னாள். நான் வெளியே நின்றேன். மாடியில் பக்கத்து ஃபிளாட்டுக்காரர்கள் எல்லோரும் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியாக அவள் கண்ணை மூடுவது தெரிந்தது. பட்டையை இழுத்தாள். கதவு திறந்தது. சாத்துங்க என்றாள். மறுபடி இழுத்தாள். இன்னொரு தடவையும். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, இப்ப கரண்டைக் குடுத்து ஓட்டுங்க" என்றாள். அன்று கரியாஹாட் வழியாக வேண்டாம் என்றாள்.  எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

காரை அன்று இரவே ஷெட்டில் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் தீதி அவளையும் டீக்கு அழைத்திருந்ததால் இருவருமாக டாக்ஸியில் ஷெட்டுக்குப் போனோம். அவளை வெளியே விட்டுவிட்டு நான் அறைக்குள் போனேன். தீதியின் போன் திரையில் முதலாளி காத்திருந்தார். அங்கே இன்னும் விடியவில்லை போலிருக்கிறது, ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே அறுபது பேரும் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மறுபடியும் அவரை இதில் கூட்டிக்கொண்டு போவீர்களா?"

 நான் கூட்டிக்கொண்டு போவேன், சந்தேகமில்லை. அவள் வருவாளா என்பதல்லவா கேள்வி? அதை நான் எப்படிச் சொல்வது?

வெளியே ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அல்ல, ஒரே அழுத்தாக.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கோமதி இடது பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. பெல்ட்டும் போட்டாயிற்று. ஒரு கையை நீட்டி ஸ்டீயரிங்கில் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தாள். தீதி போனை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். முதலாளி திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"கார் தேறிவிட்டது. இனிமேல் இந்தக் கேள்வியை அந்தப் பக்கம் உட்கார்ந்தவரிடம் கேளுங்கள்" என்றார். "இங்கேயும் அப்படியே கேட்கச் சொல்கிறேன்."

வெளியே என்ன புரிந்ததோ, ஷெட்டே கூச்சல் போட்டது. நான் போய்க் காரில் உட்கார்ந்தேன்.

"உள்ள என்ன சொன்னிய?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்லிட்ட."

"நான் என்னத்தைச் சொன்னேன்? வீட்டுக்குப் போற வழில கரியாஹாட்ல கடை தொறந்திருப்பான், கூட்டம் சேருறதுக்குள்ள போவணும்னு ஹாரன் அடிச்சேன். வண்டிய எடுங்க."